பலன் கருதாதே: இதை யார் யாரிடம் சொல்வது?



நேராக ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறேன். ஒரு இடத்துக்காக நீங்கள் வருஷக்கணக்கில் உழைக்கிறீர்கள். போட்டியில் இறங்கி, ஜெயித்து, அந்த இடத்துக்குத் தகுதியும் பெற்றுவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு, உங்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லாமலே, அந்த இடம் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படியென்றால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்தானா?

நம் வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. எஸ்.பி.எம். முடிவு வந்த சில மாதங்களில், நல்ல தேர்ச்சி பெற்றும் மெட்ரிகுலேஷனிலோ பல்கலைக்கழகத்திலோ கேட்ட இடம் கிடைக்காத மாணவர்களின் படங்களை நாளிதழில் பார்க்கிறோம். வருஷம் மாறுகிறது, பெயர்கள் மாறுகின்றன, செய்தி மாறுவதில்லை. அதைப் படித்துவிட்டு நம்மில் பாதிப் பேர், "படிச்சு என்னடா ஆகப் போகுது?" என்கிறோம். மீதிப் பேர், "விடுப்பா, பலனை நினைக்காம கடமையைச் செய்யணும்னு கீதையிலேயே சொல்லியிருக்கு" என்கிறோம். இந்த இரண்டு பதிலும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்க நம் நாட்டுக் காற்பந்து வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. அதை வைத்தே பேசுகிறேன்.

போகாத ஒலிம்பிக்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிச் சுற்றின் முக்கிய ஆட்டத்தில் மலேசியா தென் கொரியாவைச் சந்தித்தது. ஆட்டம் 1-1 என்று இருந்தபோது, முடிய சில நிமிடங்களே பாக்கியுள்ள நேரத்தில், சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். மலேசியா 2, தென் கொரியா 1. அந்த அணியின் தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர் நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடிப்பதைப் பார்த்து ரசிகர்கள் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1972இல், மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்து அணி கலந்துகொண்டது. அந்த அணியின் தலைவரும் ஒரு தமிழர்தான், எம். சந்திரன். அமெரிக்காவை 3-0 என்று ஜெயித்தார்கள். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பினார்கள். ஆக, 1980 இரண்டாவது வாய்ப்பு. தகுதியும் கிடைத்துவிட்டது.

ஆனால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அதைக் கண்டித்து அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. பல நாடுகள் அந்தப் பக்கம் சேர்ந்தன. மலேசியாவும் சேர்ந்தது. நமக்குப் பதிலாக ஈராக் போனது. போய், கால் இறுதி வரைக்கும் விளையாடியது.

அதன்பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

2016இல் வந்த 'ஓலா போலா' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த அணியின் கதையை ஒட்டி எடுத்த படம்தான் அது. அதில் வரும் கோல்கீப்பர் முத்துவைப் பார்த்துக் கைதட்டிய பலருக்கு ஆறுமுகம் என்ற பெயர் தெரியாது. படம் ஜெயித்த இடத்தோடு முடிந்துவிடும். வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார். வயது 35தான். இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் முழுமையாக வெளியேறியது 1989 பிப்ரவரி 15. எந்தப் படையெடுப்பைக் காரணம் காட்டி அவருடைய ஒலிம்பிக் வாய்ப்பு போனதோ, அந்தப் படையில் ஒரு பகுதி அவர் கண்மூடிய நாளிலும் ஆப்கானிஸ்தானில்தான் இருந்தது.

இப்போது கேட்போம். அந்த உழைப்பு வீணா?

வீண் என்று சொன்னால்

வீண் என்று சொல்பவர் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. கிடைத்த பலனை வைத்து உழைப்பை அளக்கும் அளவுகோல் அது. அது சரியானதுதானா என்று பார்க்க அதே மாஸ்கோ ஒலிம்பிக்கில் இன்னொரு தமிழர் இருக்கிறார்.

இந்திய ஹாக்கி அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். 1980இல் அவர் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இதுவரை கடைசியாக வாங்கிய தங்கம் அதுதான். ஆனால் புறக்கணிப்பால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற பலமான அணிகள் அங்கே வரவில்லை. மொத்தம் ஆறே அணிகள். அதனாலேயே அந்தத் தங்கத்தைக் கொஞ்சம் குறைத்துப் பேசுபவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே புறக்கணிப்புதான். அது ஒரு தமிழருக்குப் போக வேண்டிய இடத்தை மூடியது. இன்னொரு தமிழருக்குத் தங்கத்துக்குப் போகும் வழியை லேசாக்கியது. பாஸ்கரன் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஆறுமுகம் அதைச் செய்து கெடுத்துக்கொள்ளவும் இல்லை. பலனை வைத்து அளந்தால் ஒருவருடைய உழைப்பு தங்கம், மற்றவருடையது பூஜ்யம் என்று ஆகும். பயிற்சி மைதானத்தில் இரண்டு பேரும் சிந்திய வியர்வைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

நான் பொறியியல் படிக்கிறவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி சரியான அளவு காட்டுகிறதா என்று சோதிப்போம். நாம் கொடுக்கும் அளவு மாறாமல் இருக்கும்போதே வெளியே அடிக்கும் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி முள் ஆடினால், அந்தக் கருவியை ஒதுக்கி வைத்துவிடுவோம். பலன் என்பதும் அப்படி ஆடும் முள்தான். உழைப்பும் அதில் தெரியும், அரசியலும் தெரியும், அதிர்ஷ்டமும் தெரியும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை வைத்து ஒரு மனிதனின் உழைப்பை 'வீண்' என்று முடிவுகட்ட முடியாது.

கோல்கீப்பர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டர் தூரத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து கோலுக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, உடம்பு பாய வேண்டும். அந்த நேரம் போதாததால், பெரும்பாலும் உதைப்பவனின் இடுப்பையும் காலையும் பார்த்து முன்கூட்டியே ஒரு பக்கம் பாய்ந்துவிட வேண்டியிருக்கிறது. இதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். இத்தனையும் செய்து அவர் அன்றைக்கு முழுமையாக ஜெயித்தால் பலகையில் என்ன தெரியும்? எதிரணியின் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம். கோல் அடித்தவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். நடக்காமல் தடுக்கப்பட்ட கோல்களுக்குப் பெயரே கிடையாது. அந்த வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டவர், பலனைத் தாண்டி அந்த வேலையிலேயே ஏதோ ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை வருஷம் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நின்றிருக்க முடியாது.

ஆக, வீண் என்ற பதில் நிற்காது.

பலன் கருதாதே என்று சொன்னால்

அப்படியானால் இரண்டாவது பதில் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். பலனைக் கருதாமல் செய், அவ்வளவுதான். நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

எங்கள் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் சில வருஷங்களுக்கு முன்பு இளைஞர்களுக்கான ஒரு காற்பந்துப் போட்டி நடந்தது. ஏற்பாட்டாளர்கள் பெயர் வேண்டாம். வென்ற அணிக்கு இவ்வளவு வெள்ளி பரிசு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். என் நண்பர்களின் அணி வென்றது. கோப்பை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பணம் வரவில்லை. கேட்கப் போனபோது ஒரு பெரியவர், "தம்பி, விளையாட்டுன்னா காசுக்காகவா விளையாடுறது? சேவையா நினைச்சுக்குங்க" என்றார். பையன்கள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். ஜெர்சிக்கும் வேன் வாடகைக்கும் அவர்கள் ஆளுக்கு முப்பது வெள்ளி போட்டிருந்தார்கள்.

பெரியவர் சொன்னது உயர்ந்த கருத்துதான். ஆனால் அவர் சொல்லக்கூடாத கருத்து. கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவனைப் பார்த்து 'எதிர்பார்க்காதே' என்று சொன்னால் அது ஞானமாகாது. கடனைக் கட்டாமல் நழுவுகிற வேலை அது.

இது பெரிய இடங்களிலும் நடக்கிறது. ஆறுமுகம் விளையாடிய காலத்தில் மலேசியக் காற்பந்து தொழில்முறை ஆட்டமாகவில்லை. 1989இல்தான் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் முழுத் தொழில்முறைக்கு மாறியது. இன்றைய ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளத்துக்கு ஆடுகிறவர். வீட்டு வாடகை, கார் தவணை, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். ஆனாலும் சம்பள பாக்கி என்பது நம் லீக்கில் பல வருஷமாகக் கேட்டுப் பழகிய வார்த்தையாகிவிட்டது. நம் மலாக்கா யுனைட்டெட்டையே பாருங்கள். பணச் சிக்கலில் மாட்டி, 2023 சீசனுக்கான உரிமம் கிடைக்காமல் போனது. சம்பளம் வராத ஆட்டக்காரரிடம் போய் "நாட்டுக்காக ஆடுங்கள், பலனைப் பார்க்காதீர்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

நம் தாத்தா பாட்டி காலத்துக்குப் போனால் இது இன்னும் நன்றாகப் புரியும். விடியற்காலை இருட்டில் எழுந்து பால் மரம் வெட்டப் போனவர்களிடம், "கொடுத்ததை வாங்கிக்கிட்டு வேலையைப் பாரு" என்று சொன்ன குரல்கள் எத்தனை! பணிவு, பொறுமை, கடமை என்று நல்ல நல்ல வார்த்தைகள் அந்த லயங்களில் ஒரு பக்கமாகவே இறங்கி வந்தன. மேலே இருந்தவர்களுக்கு யாரும் அதைப் போதிக்கவில்லை.

தூது போனவரே சொன்னது

கீதை எங்கே, எந்தச் சமயத்தில் சொல்லப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். பாண்டவர்களுக்குச் சேர வேண்டிய பங்கை துரியோதனன் மறுத்தான். காட்டில் 12 வருஷம், மறைந்து ஒரு வருஷம் என்று சொன்ன நிபந்தனையை முடித்துவிட்டுத்தான் அவர்கள் திரும்பி வந்து கேட்டார்கள். தகுதி பெற்றும் இடம் மறுக்கப்பட்டவர்கள் என்றால் அவர்கள்தான். அப்போது கிருஷ்ணன் தூது போனான். நாடு இல்லாவிட்டால் ஐந்து ஊர்களாவது கொடு என்று பேசிப் பார்த்தான். சபையில் நின்று, எல்லோர் முன்னிலையிலும், உரிமையைக் கேட்டான்.

அதே கிருஷ்ணன்தான் பிறகு தேரில் இருந்து அர்ஜுனனுக்குப் பலனைப் பற்றிக்கொள்ளாமல் செயலைச் செய்யச் சொன்னான். உரிமையைக் கேட்காதே என்று அவன் சொல்லியிருந்தால் தூதே போயிருக்க மாட்டான். பலனைப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதும், சேர வேண்டியதைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாமாக நினைத்துக்கொண்டோம். ஒருவனே இரண்டையும் செய்து காட்டியிருக்கிறான். இன்னொன்றையும் பாருங்கள். அர்ஜுனனிடம் அதைச் சொன்னவன், அவன் தேரை ஓட்டி, அவனோடு அதே களத்தில் அம்பு பாயும் இடத்தில் இருந்தவன். துரியோதனன் அதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

என் மனசில் இப்போது மூன்று வார்த்தைகள் தனித்தனியாக நிற்கின்றன. கூலி, உரிமை, பலன்.

கூலி என்பது செய்த வேலைக்குச் சொன்ன தொகை. அதைக் கொடுப்பது இன்னொருவருடைய கடமை. உரிமை என்பது தகுதி பெற்றவனுக்குச் சேர வேண்டிய இடம். அதை மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். பலன் என்பது இந்த இரண்டையும் தாண்டி வருவது: வெற்றி, புகழ், பதக்கம், பத்து வருஷம் கழித்தும் ஜனங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பது. இது யார் கையிலும் இல்லை. 'கருதாதே' என்ற பேச்சு இந்த மூன்றாவதற்குத்தான். அதையும் நாம் நமக்கே சொல்லிக்கொள்ளலாம். கூடவே களத்தில் நிற்கும் நண்பனுக்குச் சொல்லலாம். கூலியைப் பிடித்து வைத்திருப்பவரும், இடத்தை மறுப்பவரும் அதை நம்மிடம் சொல்ல முடியாது.

அப்படியானால் 1980?

புறக்கணித்தது சரியா தப்பா என்று ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. ஒரு சிறிய நாட்டுக்குள் பெரிய நாட்டின் படை நுழையும்போது, விளையாட்டுதான் முக்கியம் என்று பேசாமல் இருப்பதும் சரியில்லை. அந்த முடிவை எடுத்தவர்களுக்கும் ஒரு கொள்கை இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் அரசு புறக்கணிப்பை ஆதரித்தது. ஆனாலும் பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் வீரர்களை அனுப்பியது. செபஸ்தியன் கோ 1500 மீட்டரில் தங்கம் வாங்கியது அந்த மாஸ்கோவில்தான்.

எனக்குப் படுவது இதுதான். ஒரு நாடு தன் கொள்கைக்காகச் சிலருடைய வாழ்நாள் வாய்ப்பை எடுத்துக்கொள்ளலாம். சில சமயம் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எடுத்த பிறகு அந்த நாடு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 'நாட்டுக்காகத் தியாகம் செய்தார்கள்' என்று சொல்வதோடு அந்தக் கடன் தீராது. தியாகம் என்பது தானாகக் கொடுப்பது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 36 வருஷம் கழித்து ஒரு படம் வந்துதான் பலருக்கு அந்தக் கதையே தெரிந்தது என்றால், கடன் எவ்வளவு நாள் நிலுவையில் இருந்தது என்று பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால் பிற்பாடு பயிற்றுநர் ஆனார். அவர் தலைமையில் மலேசியா 2009இல் சீ விளையாட்டில் தங்கம் வாங்கியது. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று ஜெயித்து, தென்கிழக்காசியச் சுசுகி கிண்ணத்தை முதல் தடவையாகக் கொண்டுவந்தது. ஆறுமுகத்தின் தலைமுறை விளையாடுவதைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ பையன்கள் காலையில் பூட்ஸ் கட்டினார்கள். ஒருவர் போட்ட உழைப்பு அவர் கைக்கே திரும்பி வரும் என்ற கட்டாயம் இல்லை. நம்மால் கணக்கு வைக்க முடியாத வழியில் அது போய்ச் சேருகிறது. இதைச் சொல்லி ஆறுமுகத்துக்கு நடந்தது சரிதான் என்று நான் நியாயப்படுத்தவில்லை. வீண் இல்லை என்பதற்கு மட்டும்தான் சொல்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, இந்த வருஷமும் நம் தம்பி தங்கைகளில் சிலருக்கு இடம் கிடைக்காது. அவர்களிடம் "படிச்சு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "பலனை எதிர்பார்க்காதே" என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மேல்முறையீட்டுப் பாரத்தை நிரப்ப உதவி செய்யுங்கள். கடைசித் தேதி என்றைக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள். எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா, போலிடெக்னிக் என்று வேறு வழிகள் என்னென்ன இருக்கின்றன என்று எழுதிக் கொடுங்கள். அது கிருஷ்ணன் தூது போன மாதிரி வேலை. அதைச் செய்து முடித்தவர்களுக்குத்தான், "சரி, என்ன முடிவு வந்தாலும் நீ படிச்சது உன்கிட்டதான் இருக்கு" என்று சொல்லும் தகுதி வருகிறது.

நம் மன்றங்களும் ஒன்றைக் கவனிக்கணும். அடுத்த தடவை போட்டி வைத்தால், பரிசுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் அடிப்போம். நடுவருக்கும் பயிற்றுநருக்கும் பேசியதை அன்றைக்கே கொடுப்போம். வாரம் மூன்று நாள் சாயங்காலம் தாமான் திடலில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணனிடம் 'சேவை' என்று சொல்லி அனுப்பாமல், பெட்ரோல் காசாவது கொடுப்போம். அவர் வேண்டாம் என்று சொன்னால் அது அவருடைய பெருந்தன்மை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர், நாமில்லை.